தொடக்க விழாவோடு நின்றுபோன தண்ணீர்

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, துண்டையும் மாற்று உடையையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு என் ஆறு வயது மகள் எனக்கு முன்னால் ஓடினாள். எங்கள் பகுதிப் பூங்காவில் சிறுவர்களுக்கான நீர் விளையாட்டுத் தளம் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. தரையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வேண்டிய துளைகளில் ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரு துளைக்குள் வேர்க்கடலைத் தோலும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. அடுத்தடுத்த துளைகளின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்து, நகத்தால் சுரண்டினாலும் பெயராத அளவுக்கு இறுகியிருந்தது. நிரம்பியதும் தானாகக் கவிழ்ந்து குழந்தைகளின் தலையில் கொட்ட வேண்டிய மஞ்சள் வாளி பாதி சாய்ந்தபடி துருப்பிடித்து நின்றது. அதற்குள் போன மழைக்காலத்துச் சருகு.

காவலாளியிடம் கேட்டேன். "மோட்டார் போயி எட்டு மாசம் ஆச்சும்மா. இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு சொல்றாங்க. ரூம் சாவிகூட என்கிட்ட இல்ல" என்றார் அந்தப் பெரியவர். அவரைக் கோபித்து என்ன ஆகப் போகிறது? ஆனால் திறப்பு விழாவன்று இதே இடத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் என் மகளும் இருக்கிறாள். திறந்த பிறகு முழுதாக இரண்டு மாதம்கூட அது ஓடவில்லை.

நீர் விளையாட்டுத் தளம் என்பது ஓர் இயந்திரம். சிலையை நிறுவிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை மாலை போட்டால் போதும், இது அப்படியன்று. தரைக்கடியில் ஒரு தொட்டி, அதிலிருந்து தண்ணீரை இழுக்கும் மோட்டார், முடியையும் மண்ணையும் பிடிக்கும் சல்லடை, மணல் வடிகட்டி, குளோரின் செலுத்தும் கருவி, மேலே குழாய்களும் துளைகளும் என்று ஒன்றோடொன்று பிணைந்த அமைப்பு அது. இவற்றில் எந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் மற்றவை பின்னாலேயே படுத்துவிடும். எங்கள் ஊரின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்பானது என்று வீட்டுக் குழாயையும் வெந்நீர்ப் பாத்திரத்தையும் தேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரை மெல்லிய துளைகள் வழியாகப் பீய்ச்சியடித்தால் சில மாதங்களில் துளை அடைபடும், மோட்டார் திணறும், கடைசியில் சுருள் கருகும். கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள், மாதந்தோறும் துளைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஓர் ஆளுக்கும், மோட்டார் பழுதானால் மாற்றுவதற்கும், குளோரின் வாங்குவதற்கும் ஏன் பணம் ஒதுக்கவில்லை என்பதே என் கேள்வி.

அலுவலகத்தில் கேட்டால் தண்ணீர்ப் பஞ்சம் என்கிறார்கள். பஞ்சம் என்ற சொல்லை என்னிடம் லேசாகச் சொல்லிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் நாம். குடிக்கத் தண்ணீர் இல்லாத வாரத்தில் விளையாட்டுக்கு வேண்டும் என்று எந்தத் தாயும் கேட்க மாட்டாள். ஆனால் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அமைப்பு என்று சொல்லித்தானே இதைக் கட்டினார்கள்? ஆவியாகிப் போவதையும், காற்றில் தெறிப்பதையும், குழந்தைகளின் உடையோடு வெளியேறுவதையும் மட்டும்தான் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். மோட்டார் கருகியதற்குப் பஞ்சத்தைக் காரணம் காட்டுவது பச்சைப் பொய். பூங்கா வாசலில் இருக்கும் வண்ண விளக்கு நீரூற்று, யாராவது முக்கியமானவர் வருகிற நாளில் தவறாமல் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதாம்?

ஓடாமல் கிடப்பதைவிட என்னைப் பதற வைத்தது, ஒரு நாள் அது ஓடிய விதம். நாங்கள் சிலர் சேர்ந்து மனுக் கொடுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வாடகை மோட்டாரைக் கொண்டுவந்து இயக்கினார்கள். தொட்டியைக் கழுவவில்லை. எட்டு மாதமாகத் தேங்கியிருந்த தண்ணீரின் மேலேயே லாரித் தண்ணீரை ஊற்றி ஓட விட்டார்கள். முதலில் பீய்ச்சியடித்தது பழுப்பு நிறத் தண்ணீர். சேற்று நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதிலேயே பத்துப் பதினைந்து பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு குதித்தார்கள். என் மகளின் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் வழி நெடுக அழுதாள்.

இது தாயின் வீண் பயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஒரு பூங்காவின் நீர் விளையாட்டுத் தளத்திலிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பரவி ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். சரியான அளவு குளோரின் கலந்த தண்ணீரிலும் நாள்கணக்கில் பிழைத்திருக்கக்கூடிய கிருமி அது. அதனால்தான் இத்தகைய தளங்களில் குளோரினோடு புற ஊதாக் கதிர்க் கருவியும் வேண்டும் என்கிறார்கள். 2021-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், இப்படிப்பட்ட தளத்தில் விளையாடிய ஒரு குழந்தை மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தது. தண்ணீரைச் சோதிக்க வேண்டிய நாள்களில் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்று அந்த நகர நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2024-இல் நம் பக்கத்துக் கேரளத்தில் இதே வகை மூளைக்காய்ச்சல் குழந்தைகளின் உயிரைக் குடித்ததை அன்றாடம் செய்தியில் படித்தோமே. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். தண்ணீரைக் குடிப்பதால் வராது, மூக்கு வழியாக ஏறும். தரையிலிருந்து முகத்தை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சும் ஓர் அமைப்பில் கழுவாத தொட்டி நீரை ஓட விட்டவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தார்களா? தண்ணீர் சிதறிப் பறக்கும்போது குளோரின் விரைவாகக் குறைந்துவிடும் என்பதால், சாதாரண நீச்சல் குளத்தைவிட இங்கே அதிகக் கவனம் வேண்டும். நான் கேட்டபோது அங்கே நின்ற ஊழியர் சொன்ன பதில்: "ஒரு நாள்தானேம்மா, விடுங்க."

இன்னும் இருக்கிறது. இந்தத் தளத்துக்காக வெட்டிய இரண்டு வேப்பமரங்கள் நின்றிருந்தால் இப்போது அங்கே நிழலாவது இருந்திருக்கும். தண்ணீர் ஓடாத தளத்தின் தரையும், தண்ணீர் கொட்டுவதற்காகக் காளான் வடிவில் நிறுத்திய இரும்புக் குடையும் மாலை நான்கு மணிக்கும் வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குக் கொதிக்கின்றன. ஈரமானால் வழுக்காத சொரசொரப்பான தரை போட வேண்டிய இடத்தில் வீட்டு முற்றத்துக்குப் போடும் பளபளப்பான டைல்ஸ்.

எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுவன் இருக்கிறான். ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் அவனால் ஏற முடியாது. ஆழமே இல்லாத, தரையோடு தரையாக இருக்கும் நீர்த்தளம்தான் அந்தப் பூங்காவில் அவனும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடக்கூடிய ஒரே இடம். அது ஓடிய சில வாரங்களில் அவன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போய் நின்று கத்திய கத்தல் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அவன் வேலி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வசதி உள்ளவர்கள் நபருக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம் கொடுத்து நீர்ப் பூங்காக்களுக்குப் போய்விடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இதை விட்டால் வேறு எது?

பராமரிக்க முடியாது என்றால் பராமரிக்கக்கூடியதைக் கட்டியிருக்கலாம். ஜெர்மனியில் எத்தனையோ சிறுவர் திடல்களில் ஓர் அடிபம்பும், அதன் கீழே மரத்தாலோ கல்லாலோ ஆன வாய்க்காலும், மணலும்தான் இருக்கின்றன. குழந்தைகள் தாங்களே அடித்துத் தண்ணீரை ஓட விட்டு, அணை கட்டி, உடைத்து விளையாடுகிறார்கள். அடிபம்பு நமக்குத் தெரியாத பொருளா? 1970-களில் உருவாக்கிய இந்தியா மார்க் 2 அடிபம்பு, கிராமம் கிராமமாக நம் தாய்மார்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. மின்சாரம் வேண்டாம், பூட்டிய அறை வேண்டாம், உள்ளூர் மெக்கானிக்கே வாசரை மாற்றிவிடுவார். பிள்ளை கை ஓயும்போது தண்ணீரும் நின்றுவிடும். நல்ல ஊற்றிலிருந்து அப்போதே வருகிற தண்ணீர் என்பதால் தொட்டியில் தேங்கி அழுகவும் வழியில்லை. அதையும் அவ்வப்போது சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அடிபம்பைத் திறந்து வைக்கப் பந்தல் போட மாட்டார்கள் என்பதால் அது எந்தத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

பெரிய அமைப்பைத்தான் கட்டுவோம் என்றால் அதையும் ஒழுங்காக நடத்த முடியும். சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை தி பே என்ற பெரிய பூங்காவில் 2014-இல் திறந்த சிறுவர் தோட்டத்தில் நீர் விளையாட்டுக்குக் கட்டணமே இல்லை. அங்கேயும் நம்மைப் போலவே ஆண்டு முழுவதும் வெக்கைதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நேற்று மனு அனுப்பியிருக்கிறேன். பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதி வரை, அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட விட்ட தண்ணீரைச் சோதித்த பதிவேடு எங்கே, மோட்டாரைக் கழற்றியது யார் என்று நான்கே கேள்விகள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிடும். மகளின் பை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. துண்டை எடுத்து வைக்க அவள் என்னை விடவில்லை.