எங்களுக்கு ஏழரை, அவருக்குப் பத்தரை

சனிக்கிழமை காலை நான்கரை மணிக்கு, ஏற்காட்டின் அக்டோபர்க் குளிரில் விரல்கள் விறைத்துப்போக, எங்கள் கல்லூரிக் குதிரையேற்ற அணியின் பிள்ளைகள் கைப்பேசி வெளிச்சத்தில் அவித்த கொள்ளைத் தவிட்டோடு பிசைந்து குதிரைகளுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கரை மணிக்கு ஏன் என்றால், போட்டி காலை ஏழரைக்கு என்று எங்களுக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்கள். தீனி தின்ற குதிரையை உடனே ஓட்டக் கூடாது. அதன் இரைப்பை உடலின் அளவுக்கு மிகச் சிறியது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் நம்மைப் போல வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் இயலாது. வயிற்றுச் சூலை கண்டால் உயிரே போகலாம். அதனால் போட்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிறகுதான் தீனி எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்கிறோம். அழைப்பிதழில் அச்சாகும் மணிக்கணக்கு நேராகக் குதிரையின் வயிற்றுக்குள் போய் உட்கார்கிறது.

முதல் குதிரை களத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டே கால்.

நான் வணிகவியல் ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேறு எவரும் ஏற்க முன்வராததால் இந்த அணியின் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை நான் அருகில் நின்று பார்த்த குதிரை, எங்கள் ஊர் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் சுடுமண் குதிரை மட்டுமே. இன்றும் குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததே அதிகம். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். ஏழரைக்கும் பன்னிரண்டே காலுக்கும் இடையில் 285 நிமிடங்கள். அந்த நிமிடங்களை யாருடைய கணக்கில் பற்று எழுதுவது என்பதே என் கேள்வி.

வெள்ளிக்கிழமை மதியமே மூன்று குதிரைகளையும் லாரியில் ஏற்றி, அடிமட்டத்தில் வைக்கோல் பரப்பி, சேலத்திலிருந்து கிளம்பிவிட்டோம். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் லாரி சாயும் பக்கத்துக்கு எதிராகக் குதிரை நான்கு கால்களையும் அகட்டி ஊன்றித் தன் எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது; நாம் சாமான் ஏற்றுவது போல அதை ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது. ஓட்டுநர் முதல் கியரிலேயே மலை ஏறினார். குதிரைக்காரப் பெரியவர் பின்னால் குதிரைகளோடு நின்றுகொண்டே வந்தார். மேலே போய்ச் சேர்ந்து, தண்ணீர் காட்டி, கம்பளி போர்த்தி, பிள்ளைகள் படுக்கப் பதினோரு மணி ஆகிவிட்டது. இதற்கெல்லாம் நான் குறைசொல்லவில்லை. இது இந்த விளையாட்டின் கூலி, விரும்பித்தான் கொடுக்கிறோம்.

ஏழரை மணி என்று அமைப்பாளர்கள் குறித்ததில் நியாயமும் இருந்தது. இந்தப் பருவத்தில் சேர்வராயன் மலையில் காலை வெளுப்பாக இருக்கும். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும், பின்னாலேயே மழை வரும். இது மலையில் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும், காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கும் தெரியும். காலையில் டிரஸ்ஸாஜ் (குதிரையை வகுத்த அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி), பத்து மணிக்குத் தடை தாண்டுதல், மழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர்களே சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள். படித்தபோது, பரவாயில்லை, விவரம் தெரிந்தவர்கள் என்று மெச்சிக்கூடக் கொண்டேன்.

ஏழு மணிக்குச் சேணம் கட்டியாயிற்று. ஏழே காலுக்கு ஒலிபெருக்கி சொன்னது: ‘சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார், இன்னும் பத்து நிமிடத்தில் விழா தொடங்கும், அனைத்து அணிகளும் தயார் நிலையில் இருக்கவும், தயாராக இல்லாத அணிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.’ அந்தப் பத்து நிமிடத்தை அன்று பதினொரு முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். எட்டரை மணிக்குப் பெரியவர் என்னிடம் வந்தார். “டீச்சரம்மா, வயித்து வாரைக் கொஞ்சம் தளர்த்திடட்டுங்களா? செவல மூச்சு வாங்குதுங்க” என்றார். தளர்த்தச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ‘தயாராகுங்கள்’ என்று அறிவிப்பு, மறுபடி இறுக்கினோம். இப்படி நான்கு முறை. தீனி வைக்கவும் வழியில்லை, ஏனென்றால் எந்த நிமிடமும் அழைப்பார்கள். வைக்காமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை, ஏனென்றால் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும்படி படைக்கப்பட்ட பிராணி அது. கடைசியில் கடிவாளம் போட்ட வாயில் ஆளுக்குக் கைப்பிடிப் புல்லைத் திணித்துச் சமாளித்தோம். செவலையை லாயக்காரர் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினார். அங்கே ஒரு பொழுது விலை படியாமல் நின்றபோதுகூட அதற்கு மரநிழலும் தண்ணீரும் கிடைத்தன என்று பெரியவர் அன்று மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை அமைப்பாளர் காதில் விழும்படியாகவே.

டிரஸ்ஸாஜ் களம் 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். அதன் ஓரங்களில் எழுத்துப் பலகைகள் இருக்கும். அகலப் பக்கத்தின் நடுவில் ‘சி’ என்ற எழுத்துக்குப் பின்னால் தலைமை நடுவர் உட்காருவார். குதிரை நேர்கோட்டில் வருகிறதா, கோணலாக வருகிறதா என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்தில் வெள்ளைத் துண்டு போர்த்திய சோபா ஒன்றைப் போட்டிருந்தார்கள். நடுவரின் மேசையை நகர்த்தி, ஷாமியானா கம்பத்துக்கு அந்தப் பக்கம், மூலையில் வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த நடுவர், பாவம், இரண்டு முறை எழுந்து போய்க் கேட்டார். “சார், போட்டோ அங்கதான் சார் நல்லா வரும்” என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

பதினொன்று பத்துக்குக் கார் வந்தது. வாசலில் நிறுத்தி நடந்து வர அறுபது அடிகூட இருக்காது. ஆனாலும் கார் களத்துக்குள்ளேயே, காலையில் பிள்ளைகள் காலால் அளந்து பார்த்த தடை தாண்டும் பாதையின் குறுக்காக, மேடை வரை வந்தது. அதே நொடியில் எவரோ பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்தார். குதிரை வேட்டையாடப்படும் பிராணி. சத்தம் கேட்டால் முதலில் ஓடிவிட்டுப் பிறகுதான் யோசிக்கும், இல்லாவிட்டால் அதன் வம்சமே மிஞ்சியிருக்காது. 20 குதிரைகள் கட்டி நிற்கும் இடத்தில் சரவெடி கொளுத்த வேண்டும் என்று தோன்றிய அந்த மூளையை என்னவென்று சொல்வது! இரண்டு குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் ஓடின. செவலை முன்னங்கால்களைத் தூக்கி இறங்கியபோது எங்கள் மாணவன் ஒருவனின் காலை மிதித்துவிட்டது. பூட்ஸைக் கழற்றியபோது பெருவிரல் நகம் கறுத்துப் பெயர்ந்திருந்தது. வெடிச்சத்தம் அடங்கிய பிறகு ஒலிபெருக்கி சொன்னது: ‘குதிரைகளைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.’

பிறகு பொன்னாடைகள். பிறகு ஆறு பேர் பேசினார்கள். அவர்களில் ஒருவர் 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நம் நாட்டு இளைஞர்கள் ‘குதிரைப் பந்தயத்தில்’ தங்கம் வென்றதைக் குறிப்பிட்டார். அது பந்தயம் இல்லை, டிரஸ்ஸாஜ். எந்தப் போட்டிக்கான நடுவரைக் கம்பத்துக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்களோ அதே போட்டி. 1982 தில்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் வந்த தங்கம் அது. அந்த நால்வரும் குடும்பத்தை விட்டு ஐரோப்பாவில் போய்த் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். ஏன் போனார்கள் என்பதற்கு எங்கள் மேடையே நல்ல விளக்கம்.

இதுவரைக்கும் என் கோபமெல்லாம் அந்த விருந்தினர் மேல்தான் இருந்தது. அவர் எழுந்து பேசப் போனபோது, சோபாவின் பக்கத்துச் சிறுமேசையில், பாதி குடித்த இளநீருக்கு அடியில் அவருடைய அழைப்பிதழ் கிடந்தது. எங்களுக்கு வந்தது ஒற்றைத்தாள் நகல்; அவருடையது கனமான அட்டை, பொன்னிற எழுத்து. அதில் ‘காலை 10.30 மணி அளவில்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. பத்தரை மாற்றுப் பத்தரை. மனிதர் நாற்பது நிமிடம்தான் தாமதம். மலைப்பாதையில் சனிக்கிழமைச் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே அதை மன்னிக்கலாம். அமைப்பாளர்களுக்கு முதல் நாளே தெரியும். ‘இன்னும் பத்து நிமிடம்’ என்று பதினொரு முறை சொன்ன அந்தக் குரலுக்கும் முதல் முறையிலேயே தெரியும். பிள்ளைகள் முன்னாலேயே வந்து நிற்கட்டும், நின்றால் என்ன குறைந்துவிடும் என்று உட்கார்ந்து யோசித்து, இரண்டு அழைப்பிதழ்களில் இரண்டு நேரம் அச்சடித்திருக்கிறார்கள்.

இந்தத் தந்திரம் எனக்குப் புதிதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்புகிறது. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, யாரோ ஒருவருடைய கார் கடந்து போவதற்காக, காகிதக் கொடியோடு சாலையோரத்தில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். என் பக்கத்தில் நின்ற பெண் மயங்கி விழுந்ததும், அவளைத் தூக்கி நிழலில் போட்டுவிட்டு வரிசையைச் சரிசெய்தார்கள். இந்த ஊரில் பள்ளிக்கூடம் போன எவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். பழகிவிட்டோம். மாணவர்களின் நேரம் புறம்போக்கு நிலம் போல. யார் வேண்டுமானாலும் பந்தல் போடலாம். ஆனால் நமக்கு இருக்கும் இந்தப் பாழாய்ப்போன பொறுமை குதிரைக்கு இல்லை. அதற்கு விருந்தினர் யாரென்று தெரியாது, வயிற்று வாரின் இறுக்கம் மட்டுமே தெரியும்.

பன்னிரண்டே காலுக்குத் தொடங்கியதும் அவசரம் பிடித்துக்கொண்டது. குதிரைகளை நடக்கவிட்டு உடலைச் சூடாக்க இருபது நிமிடம் கேட்டோம், ஐந்து கொடுத்தார்கள். கார் ஏறிப் போன பாதையை மறுபடி ஒருமுறை நடந்து பார்க்க அனுமதி கேட்டோம். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே குதிரை எத்தனை தாவலில் வரும் என்பதை வீரர்கள் தம் காலடியால் எண்ணி வைத்துக்கொள்கிறார்கள். நாலு காலடிக்கு ஒரு தாவல் என்பது தோராயக் கணக்கு. தரை மாறினால் கணக்கும் மாறும். “நேரமில்லை மேடம்” என்றார்கள். நேரமில்லையாம்! தடை தாண்டும் போட்டியில், மணி அடித்து 45 விநாடிக்குள் தொடக்கக் கோட்டைத் தாண்டாவிட்டால், போட்டியாளருக்காகக் காத்திராமல் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பது விதி. எங்கள் பிள்ளைகளுக்கு 45 விநாடி. அமைப்பாளர்களுக்கு 285 நிமிடம்.

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் இரண்டாமாண்டு மாணவி செவலையோடு களத்தில் இறங்கியபோது, மழை தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். மகள் பத்தேகாலுக்குத் தாண்டுகிறாள் என்று அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பேருந்தில் மலையேறி வந்திருந்தார். பன்னிரண்டு மணிவரை மழைக்குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகவே நின்றார். அதற்கு மேல் நின்றால் அரைக்கூலியும் போய்விடும் என்று, “பாத்துக்குங்க மேடம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முதல் இரண்டு தடைகளையும் செவலை சுத்தமாகத் தாண்டியது. மூன்றாவது தடைக்கு முன்னால், அது காலூன்றி எழும்ப வேண்டிய இடத்தில், காலையில் வந்த காரின் சக்கரத் தடம் ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்து, மழைநீர் நிரம்பிப் பளபளவென்று கிடந்தது. தண்ணீரின் ஆழம் தெரியாமல் குதிரை கால் வைக்காது. நின்றுவிட்டது. நான்கு தண்டப் புள்ளி. சுற்றிக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினாள். மறுபடி நின்றது. இரண்டாவது மறுப்புக்கு மணி அடித்து வெளியேற்றிவிட்டார்கள். ஒரு வருடப் பயிற்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அவள் இறங்கி, அழாமல், குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். அமைப்பாளர்களில் ஒருவர் என்னிடம் வந்து, “குதிரைக்கு ட்ரெய்னிங் பத்தலைங்க மேடம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று ஆறுதல் சொன்னார். அவள் அப்பா இதைப் பார்க்காமல் போனது நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க நேர்ந்ததற்காக இன்றைக்கும் கொதிக்கிறது.

சாயங்காலம் சேணத்தை இறக்கினோம். முன்னங்காலுக்குப் பின்னால், வார் படிந்திருந்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு மயிர் தேய்ந்து தோல் சிவந்திருந்தது. பெரியவர் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செவலையை நாங்கள் இறக்கவில்லை. மற்ற இரண்டு குதிரைகளில் ஒன்று ஐந்தாமிடம் வந்தது. பரிசளிப்புக்கு வேறொரு விருந்தினர்.

போன வாரம் அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கை வந்தது. அதே அமைப்பாளர்கள், அதே மலை, காலை 7.30. தொலைபேசியில் அழைத்து, விருந்தினர் அழைப்பிதழில் எத்தனை மணி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. “அதே டைம்தாங்க மேடம், கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்” என்றார். அந்த அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அணியைப் பதிவு செய்கிறேன் என்றேன். அனுப்புகிறேன் என்றார். இன்றோடு ஆறு நாள், படம் வரவில்லை.