பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான்

சனிக்கிழமை 'சூப்பர் டீலக்ஸ்' திரையிடல் முடிந்தபின் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். "ஒரு அம்மா ஏதோ கேட்டாங்க, அரங்கமே கலகலப்பாயிடுச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த அம்மா என் சித்தி. கலகலப்பெல்லாம் உங்களுக்குத்தான். எனவே நானும் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். 176 நிமிடப் படத்தைப் பொறுமையாகப் பார்க்கச் சொல்கிறவர்கள் இதையும் பொறுமையாகப் படிக்கலாம், தப்பில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 'சூப்பர் டீலக்ஸ்' பிடிக்கும். 2019 மார்ச் கடைசியில் வந்த வாரமே தியேட்டரில் பார்த்தவள் நான். வீட்டுக்குள் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு சமந்தாவும் ஃபகத் ஃபாசிலும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை போடுவதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அந்தச் சுவர்களின் நிறம், எங்கோ ஒரு வீட்டிலிருந்து கசிந்து வருகிற பழைய பாட்டு, மகன் குத்துப்பட்டுக் கிடக்கும்போது ஆஸ்பத்திரியா ஆண்டவரா என்று ரம்யா கிருஷ்ணனும் மிஷ்கினும் மல்லுக்கட்டுவது, எல்லாமே பிடிக்கும். பிடித்தவளாக இருந்துகொண்டுதான் சொல்கிறேன். ஒரு படம் ஒருவருக்குப் பிடிக்காமல் போனால், அவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம் இல்லை.

என் சித்தி கேட்டது ஒரே கேள்வி. வீட்டை விட்டுப் போன அப்பா, பல வருடம் கழித்து ஷில்பா என்கிற திருநங்கையாக (விஜய் சேதுபதி) திரும்பி வந்து, தான் முன்பு பிள்ளைகளைக் கடத்திய கதையைச் சொல்லி அழுகிறாள் அல்லவா? அதற்குப் பிறகு காணாமல் போன அவள் மகன் ராசுக்குட்டி கிடைத்துவிடுகிறான், குடும்பம் ஒன்று சேர்ந்துவிடுகிறது, நமக்கும் கண் கலங்குகிறது. சித்தி மைக்கை வாங்கி, "இந்தப் பையன் வீட்டுக்கு வந்துட்டான், சந்தோஷம். அந்தப் பிள்ளைங்க என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதிலை அங்கிருந்தவர்கள் எல்லோரும் கேட்டீர்கள். "சீரியல் மாதிரி எல்லாத்துக்கும் முடிவு சொல்ல மாட்டாங்கம்மா. இன்னொரு வாட்டி பாருங்க, புரியும்." உடனே சிரிப்பு. நான் கை தூக்கினேன். ஹாலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகும் இயக்குநரின் குறியீடுகள் பற்றி ஒருவர் ஆற அமரப் பேசினார். அவருக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சித்தி சீரியல் பார்ப்பதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பார்த்தால்தான் என்ன?

சித்தி அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடுவதும் அவர்தான், மறுநாள் ராத்திரி டியூட்டிக்குப் போகும் வழியில் ரொட்டி வாங்கி வந்து கொடுப்பதும் அவர்தான். ஒரு திருநங்கை அட்மிட் ஆனால் ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கிற வரைக்கும் அவர் வராண்டாவில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பாராம். அதைப் பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் யாரையும் கேட்காமல் பெண்கள் வார்டில் படுக்க வைத்துவிட்டு மெமோ வாங்கிய கதையும் உண்டு. அப்படிப்பட்டவர், போலீஸ் ஸ்டேஷனில் பெர்லின் என்கிற போலீஸ்காரன் ஷில்பாவுக்குச் செய்யும் கொடுமையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புரியவில்லையாம். குறியீடு புரியவில்லையாம்.

சரி, உங்கள் வாதங்களுக்கு வருகிறேன். எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள்.

"ஷில்பா ஒரு தனிக் கதாபாத்திரம், மொத்த திருநங்கைகளின் பிரதிநிதி இல்லை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சமந்தா நடித்த வேம்புவைப் பார்த்துக் கல்யாணமான பெண்கள் எல்லோரும் இப்படித்தான் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. ஏனென்றால் வேம்பு தவிர ஆயிரம் மனைவிகளை நாம் சினிமாவில் பார்த்துவிட்டோம். ஷில்பாவுக்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்தோம்? கேலிக்கு வந்து போனவர்களைத் தவிர விரல் விட்டு எண்ணுங்கள். மூன்று மணி நேரப் படத்தில் அத்தனை கனிவோடு ஒரு திருநங்கையைக் கொண்டுவந்து, ஒரு சின்னப் பையன் எப்படி இருந்தாலும் நீ என் அப்பாதான் என்று ஒட்டிக்கொள்கிற அளவுக்கு எழுதிவிட்டு, கடைசியில் அவள் கையில் பிள்ளை பிடிக்கிற பழியைக் கொடுப்பானேன்? ஊர் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கிற பழிதானே அது?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்கு வந்த ஒரு வயதான பெண்மணி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஊரே கூடி அவரை அடித்துக் கொன்றது. அதே மாதம் ஹைதராபாத்தில் ஒரு திருநங்கையை இதே வாட்ஸ்அப் வதந்தி கொன்றது. அடுத்த ஆண்டே இந்தப் படம் வருகிறது. திரைக்கதை அதற்கு முன்பே எழுதப்பட்டது என்பீர்கள். இருக்கட்டும், வதந்தி 2018இல் பிறந்ததா? படம் வந்த சமயத்தில் திருநங்கைகளே இதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது, உங்களுக்குச் சினிமா புரியவில்லை என்று. தன் வாழ்க்கையைத் திரையில் தப்பாகக் காட்டுகிறார்கள் என்று சொல்பவருக்கே அந்தப் படம் புரியவில்லை என்றால், அப்புறம் யாருக்குத்தான் புரியும்?

"கலையில் அரசியல் சரி தவறு பார்க்கக் கூடாது." சமூகத்தின் ஒழுக்கப் பாசாங்கைக் கிழிக்கிற படம் என்று கொண்டாடும்போது மட்டும் பார்க்கலாம் போல.

"விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதே கிடைத்ததே." கிடைத்தது. நன்றாக நடித்தார். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் விருதைக் காட்டுகிறீர்கள்.

இந்தப் படத்தின் ரசிகர்களுக்கு இவ்வளவு கோபம் ஏன் வருகிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஆரம்பம் 2011 என்று தோன்றுகிறது. இதே இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படமான 'ஆரண்ய காண்டம்' வந்தபோது சென்சாரில் 52 இடங்களில் வெட்டச் சொன்னார்கள். போராடி வெளியே வந்தால் தியேட்டரில் ஆள் இல்லை. அப்புறம் தேசிய விருது, டிவிடி, டோரண்ட், பென்டிரைவ் என்று கைமாறிக் கைமாறி அது பெரிய படம் ஆனது. தியேட்டரில் பார்க்காமல் விட்டவர்கள்தான் பின்னாளில் அதன் பெரிய பக்தர்கள். அடுத்த படத்துக்கு எட்டு வருடம் காத்திருந்தார்கள். அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்னவென்றால், இந்த இயக்குநரின் படத்தைக் குறை சொல்கிறவர் கட்டாயம் பின்னால் வருத்தப்படுவார் என்பது. ஒரு படத்துக்கு நடந்தது எல்லாப் படத்துக்கும் நடக்கும் என்று யார் சொன்னது? காலம் சில படங்களைத் தூக்கிப் பிடிக்கிறது, சிலவற்றின் ஓட்டைகளை இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறது. சிலவற்றுக்கு இரண்டையுமே செய்கிறது. 'சூப்பர் டீலக்ஸ்' அந்த மூன்றாவது வகை என்பது என் அபிப்பிராயம். நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. எனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீளம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிவாஜியின் 'கர்ணன்' பார்த்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது, மூன்று மணி நேரமெல்லாம் எங்களை ஒன்றும் செய்யாது. அந்த வேற்றுக்கிரகப் பெண் வரும் பகுதியைப் பாதியாக வெட்டியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பவரிடம், பதில் வேண்டுமென்றால் இன்னும் மூன்று மணி நேரம் கொடு என்கிறீர்களே, இது என்ன ஹோம்வொர்க்கா? பிடித்தவர்களிடம் இப்படிக் கேட்பதுண்டா? "உங்களுக்குப் பிடிச்சிருக்கா? இன்னொரு வாட்டி பாருங்க, பிடிக்காம போகும்" என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே தடவை பார்த்துப் புகழ்ந்தால் ரசனை, ஒரே தடவை பார்த்துக் குறை சொன்னால் அவசரம்.

2019இல் நான் பார்த்த தியேட்டரில் நடந்ததையும் சொல்கிறேன். விக்கைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஷில்பா நிதானமாகப் புடவை கட்டுவாள், பையன் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தக் காட்சிக்கு எனக்குப் பின் வரிசையில் விசில், கேலிச் சிரிப்பு. அவர்களை யாரும் "உங்களுக்குப் படம் புரியல தம்பி" என்று சொல்லவில்லை. வெளியே வரும்போது "தலைவன் வேற லெவல்" என்றார்கள். அவர்களும் ரசிகர்கள் கணக்கில்தான் வருவார்கள். பெர்லின் தலையில் டிவி விழுந்ததும் கை தட்டியவர்களும் அவர்களே. சித்திக்கு எது வலித்ததோ அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் பாடம் மட்டும் சித்திக்கு.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் பெண்கள் வருவதில்லை என்று வருடா வருடம் புலம்புகிறீர்கள். வந்தவர்களை என்ன செய்தீர்கள்? அறுபது வயது தாண்டிய ஒருத்தி பஸ் பிடித்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசி வரைக்கும் உட்கார்ந்து, முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் பேசுகிறாள். செல்போனை நோண்டாமல் பார்த்தவர்கள் அந்த ஹாலில் எத்தனை பேர்? எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு படம் முடிந்ததும் எனக்கு விளக்கம் சொல்வார். நான் கேட்கவே மாட்டேன், அவராகவே சொல்வார். இப்போது நிறுத்திவிட்டார். எப்படி நிறுத்தினார் என்பது தனிக் கதை.

ஆபாசப் படத்தில் நடித்த லீலா (ரம்யா கிருஷ்ணன்) தன் மகனிடம், பார்க்கிறவர்களை விட்டுவிட்டு நடித்தவளை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்கிறாள் அல்லவா? அந்தக் காட்சிக்கு எழுந்து நின்று கைதட்டிய ஹால்தான், கால் மணி நேரத்தில் கேள்வி கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தது. படம் யாருக்குப் புரியவில்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, ஜாலியாத்தான் சொன்னேன்" என்று ஒருங்கிணைப்பாளர் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். எனக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்? சித்தியின் நம்பர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அவரே தன் கையால் எழுதியதுதான். அடுத்த மாதம் வருகிறீர்களா என்று சித்தியிடம் கேட்டேன். மூட்டு வலி, அந்த நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் ஈரானியப் படம் பார்த்தார்.

படத்தைப் பிடித்தவர்கள் யாரிடமாவது அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்குப் பதில் இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி என்று நினைத்தால் அதற்கான காரணத்தை எழுதுங்கள், சண்டை போடலாம், நான் தயார். "இன்னொரு வாட்டி பாருங்க" என்று வருகிற கமெண்ட்டை மட்டும் அழித்துவிடுவேன், எழுதியவர் என் நண்பராகவே இருந்தாலும்.