ஓட்டு இருப்பதால்தான் வந்தார்கள்

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் பிரிந்துவந்து தாங்களே தொடங்கிய கால்பந்து கிளப் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர். அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 'கோபத்தில் பிறந்த அணி' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கோபம் இருந்தது உண்மை. 2005ல் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கினார், அந்தக் கடனில் பெரும்பகுதியை அந்தக் கிளப்பின் தலையிலேயே கட்டினார். ரசிகர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஆனால் வெறும் கோபத்துக்காக யாரும் வாராவாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரமாட்டார்கள். இங்கிலாந்துக் கால்பந்து லீக்குகளின் பத்தாவது அடுக்கில், பகுதிநேர வீரர்கள் ஆடிய முதல் சீசனிலேயே சொந்த மைதான ஆட்டங்களுக்குச் சராசரியாக 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்த மைதானமும் சொந்தமில்லை, பரி கிளப்பின் கிக் லேனில் வாடகைக்கு ஆடினார்கள். தொடர்ந்து மூன்று சீசன்கள் பதவி உயர்வு வேறு!

காரணம் அமைப்புதான் என்பேன். எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், கிளப்பின் முடிவுகளில் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. சட்டையில் விளம்பரதாரர் பெயர் வேண்டாம் என்றும் முடிவெடுத்தார்கள், அந்த வருமானம் போனாலும் பரவாயில்லை என்று. அப்புறம் ரசிகர்களே பங்குகள் வாங்கிப் பெருந்தொகை திரட்டினார்கள், 2015ல் கிளப்பின் சொந்த மைதானமான பிராட்ஹர்ஸ்ட் பார்க் திறந்தது. ஓட்டெடுப்பால் முடிவுகள் தாமதமாகும் என்கிறார் கட்டுரையாளர். ஆகட்டுமே, ரசிகரைக் கேட்காமல் கிளப்பை விற்க முடியாதே!