ஈயத்துக்குச் சரி, ஆர்சனிக்குக்கு அல்ல

"மாசுபட்ட மண்ணில் அபடைட் (ஒரு கால்சியம் பாஸ்பேட் கனிமம்) சிமென்ட் கலந்தால் எந்தக் கன உலோகமும் மண்ணைவிட்டுப் போய்விடும்" என்பது தவறு. ஈயம் எங்கும் போவதில்லை. அபடைட்டிலிருந்து கரையும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும் பைரோமார்பைட் என்ற கனிமமாகிறது. 2011-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், சவுத் பிரெஸ்காட் வீட்டுத் தோட்டங்களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அரைத்த மீன் எலும்பைக் கலந்தது இதற்காகத்தான். எலும்பின் கனிமமும் ஒருவகை அபடைட்தானே. மொத்த ஈயம் அப்படியே இருக்கும், உடலில் சேரும் பங்குதான் குறையும்.

ஆர்சனிக் விஷயம் நேர்மாறு. ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் மண்துகளில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. பாஸ்பேட் கூடினால் ஆர்சனிக் விடுபட்டு நிலத்தடி நீருக்கு இறங்கலாம். ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த மண்ணில் தயவுசெய்து சோதிக்காமல் அபடைட்டைப் போடாதீர்கள்.