ஒரே ரிங்கில், ஒரே மாலையில்

2025 செப்டம்பர் 13 சனிக்கிழமை, நம் ஊர்க் கணக்குக்கு ஞாயிறு பிறந்துவிட்ட நேரத்தில், நானும் என் அக்கா மகளும் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு லிவர்பூலில் நடந்த உலகக் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப்பின் மகளிர் 57 கிலோ இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மூலையில் அரியானாவின் பிவானியைச் சேர்ந்த ஜாஸ்மின் லம்போரியா; மறுமூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற போலந்தின் யூலியா செரெமெத்தா. கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, எதிராளியை ஆசைகாட்டி இழுத்து, சட்டென்று பாய்ந்து குத்திவிட்டு விலகுவது செரெமெத்தாவின் ஆட்டம். முதல் சுற்றில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க ஜாஸ்மின் சற்றுத் திணறினார். இரண்டாவது சுற்றில் தன் உயரத்தையும் கை நீளத்தையும் நினைவுகூர்ந்தவர்போல் தூரத்தைத் தன் வசப்படுத்திக்கொண்டார். "மாமா, அவங்க உள்ள வர்றதுக்குள்ள ஜாஸ்மின் அக்காவோட ஜாப் போய் நிக்குது பாருங்க" என்று, முன்கையை நேராக நீட்டிக் குத்தும் அந்தக் குத்தைக் காட்டி, பதினைந்து வயதுப் பெண் எனக்குப் பாடம் எடுத்தாள். ஐந்து நடுவர்களில் நால்வர் ஜாஸ்மினுக்குத் தீர்ப்பளித்தார்கள். பாரிஸில் ஒரு சுற்றுகூடத் தாண்டாமல் 0-5 என்று தோற்றுத் திரும்பியவர், ஓராண்டு கழித்து உலகச் சாம்பியன் ஆனார்.

அந்த இரவில் என்னை இன்னொன்றும் நெகிழ வைத்தது. ஆடவர் சண்டை ஒன்று, மகளிர் சண்டை ஒன்று என்று அதே ரிங்கில், அதே மாலையில், அதே கூட்டத்தின் முன்னால் மாறி மாறி நடந்துகொண்டிருந்தன. ஆடவருக்குப் 10 எடைப்பிரிவு, மகளிருக்கும் 10. உலகச் சாம்பியன்ஷிப் வரலாற்றில் இரு பாலரும் ஒரே போட்டியில் களமிறங்கியது இதுவே முதல் முறை.

இந்த ஒரு வரியை எழுத எவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆடவருக்கான முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1974-இல் ஹவானாவில் நடந்தது; மகளிருக்கான முதல் போட்டி 2001-இல், அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் என்ற சிறிய நகரத்தில். இடையில் 27 ஆண்டுகள். அந்த ஸ்க்ரான்டனில்தான் மணிப்பூரின் மேரி கோம் முதல் உலக வெள்ளியை வென்றார். பின்னர் ஆறு முறை தங்கம் வென்றார். மகளிர் குத்துச்சண்டையை ஒலிம்பிக் சேர்த்துக்கொள்ள 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த லண்டன் ஒலிம்பிக்கில் ஆடவர் 250 பேர், மகளிர் 36 பேர். பாரிஸில்தான் 124-க்கு 124 என்று எண்ணிக்கை சமமானது. அங்கும் ஆடவருக்கு 7 எடை, மகளிருக்கு 6. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் 7-க்கு 7 ஆகப்போகிறது.

எண்ணிக்கையைவிட நேரமும் உடையும் அதிகம் சொல்லும். 2017 வரை மகளிருக்கு இரண்டு நிமிடச் சுற்றுகள்தான், நான்கு. ஆடவருக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. இரண்டு நிமிடத்துக்கும் மூன்று நிமிடத்துக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர்கள் ரிங்கில் ஏறிப் பார்த்ததில்லை. கடைசி அந்த ஒரு நிமிடத்தில்தான் தோள் கல்லாகும், கை தானாகத் தாழும், மூச்சு வாயால் வரத் தொடங்கும்; யார் உண்மையில் பயிற்சி எடுத்தவர் என்பது அங்கேதான் வெளிப்படும். அந்த நிமிடத்தை ஆண்டுக்கணக்கில் பெண்களிடமிருந்து எடுத்து வைத்திருந்தோம். 2011-இல் இன்னொரு கூத்தும் நடந்தது: மகளிர் பாவாடை அணிந்து சண்டையிட்டால் பார்வையாளர்களுக்கு வேறுபாடு தெரியும் என்று உலக அமைப்பே யோசனை சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதால் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்று 3 சுற்று, 3 நிமிடம், 5 நடுவர், சுற்றை வென்றவருக்கு 10 புள்ளி தரும் முறை, எல்லாம் இருவருக்கும் ஒன்று. தலைக்கவசம் மட்டும் மகளிருக்கு நீடிக்கிறது. ஆடவருக்கு 2013-இல் நீக்கினார்கள். இதில் மருத்துவர்கள் சொல்வதைக் கேட்பதே நியாயம் என்பதால் நான் வழக்காடப் போவதில்லை.

லிவர்பூலில் இந்தியாவுக்குக் கிடைத்த நான்கு பதக்கங்களையும் பெண்களே வென்றார்கள். 48 கிலோவில் மீனாட்சி ஹூடா, கஜகஸ்தானின் நசிம் கிசைபாயை 4-1 என்று வென்று தங்கம் பெற்றார். ரோத்தக் அருகே ஒரு கிராமத்தில் ஆட்டோ ஓட்டுபவரின் மகள் அவர். 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் நூபுர் ஷியோரன் இறுதிப் போட்டியில் 2-3 என்று மயிரிழையில் வெள்ளியோடு நின்றார். 80 கிலோவில் பூஜா ராணிக்கு வெண்கலம். ஆடவர் அணி 2013-க்குப் பிறகு முதல் முறையாகப் பதக்கம் இல்லாமல் திரும்பியது.

இதை நம் ஊடகங்களும் நண்பர்களும் எழுதிய விதம்தான் என்னை இப்பதிவை எழுத வைத்தது. "பெண்கள் மானத்தைக் காப்பாற்றினார்கள்" என்றார்கள் சிலர். "மகளிர் பிரிவில் போட்டி குறைவு, அதனால் பதக்கம் எளிது" என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது கூற்றில் ஒரு துளி உண்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நூபுரின் பிரிவில் கலந்துகொண்டோர் குறைவு. ஒரு வெற்றியிலேயே அவருக்குப் பதக்கம் உறுதியானது. மீனாட்சியின் 48 கிலோ ஒலிம்பிக்கில் இல்லாத எடை. ஆனால் ஜாஸ்மினின் 57 கிலோ ஒலிம்பிக் எடை, எதிரே நின்றவர் ஒலிம்பிக் பதக்கக்காரர். ஒலிம்பிக் பதக்கம் வென்ற நம் லவ்லீனா போர்கோஹைன் முதல் சண்டையிலேயே 0-5 என்று தோற்றார். இருமுறை உலகச் சாம்பியனான நிகத் ஜரீன் துருக்கியின் புசே நாஸ் சக்கிரோக்லுவிடம் காலிறுதியில் 0-5 என்று தோற்றார். எளிதாகக் கிடைக்கும் இடமாக இருந்திருந்தால் இவ்விருவரும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்களா? தவிர, ஆடவர் பிரிவில் இந்தியா இன்றுவரை ஒரு உலகத் தங்கமும் வென்றதில்லை. மகளிரோ 2006-இல் புதுதில்லியில் மட்டும் நான்கு தங்கம் வென்றார்கள்; 2023-இலும் அப்படியே நான்கு. இருபது ஆண்டுகளாக இந்தியக் குத்துச்சண்டையைத் தூக்கி நிறுத்தி வருபவர்களை, ஆபத்துக்கு வந்து கைகொடுத்தவர்கள்போல் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லிவர்பூலில் எல்லாம் நன்றாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். மகளிர் பிரிவில் கலந்துகொள்வோர் பாலினத்தை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதியின் விவரங்கள் போட்டி தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வெளிவந்தன. பிரான்சில் அத்தகைய பரிசோதனைக்குச் சட்டத் தடை இருப்பதால், அந்நாட்டு வீராங்கனைகள் இங்கிலாந்துக்கு வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். ஆய்வக முடிவு கெடுவுக்குள் வந்து சேரவில்லை என்ற காரணத்தால் ஐந்து பேரும் ஒரு சண்டைகூட இடாமல் ஊர் திரும்பினார்கள். விதி வேண்டுமா, வேண்டாமா என்பது நீண்ட விவாதம். தாள் தாமதமாக வந்ததற்காக ஓர் அணியின் ஓராண்டு உழைப்பைக் குப்பையில் போட்டது அநீதி என்பதற்கு விவாதம் தேவையில்லை. ஆடவர் அணி ஒன்றுக்கு இப்படி நேர்ந்திருந்தால் உலகம் இவ்வளவு அமைதியாகக் கடந்துபோயிருக்குமா என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. இந்தியாவின் முதல் தேசிய மகளிர் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் நம் சென்னையில்தான் நடந்தது. மேரி கோம் அதில் தங்கம் வென்றார். அப்போது நான் இதே ஊரில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூடத்திலிருந்து ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை, நான் உட்பட. போக வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. ஓர் உலகச் சாம்பியன் உருவாவதைப் பேருந்துத் தொலைவில் இருந்துகொண்டே தவறவிட்டவன் நான்.

இப்போது அக்கா மகள் இரண்டாண்டாகப் பயிற்சி எடுக்கிறாள். மாலை ஐந்தரைக்குப் போனால், முதல் பத்து நிமிடம் கைக்குக் கட்டுப் போடுவதிலேயே கழியும். கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் முட்டிகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக. பழைய துணி என்பதால் நுனி பிரிந்து நூல் தொங்கும். பல்லால் கடித்து இழுத்து இறுக்குவாள். சென்ற மாதம் அவள் கலந்துகொண்ட ஒரு போட்டியில் மகளிர் சண்டைகள் அனைத்தும் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கி முடிப்பதற்குள் நிறைவடைந்துவிட்டன. அவள் வென்றாள். கைதட்ட நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மாலையில் ஆடவர் இறுதிப் போட்டிகளின்போது அரங்கம் நிரம்பியிருந்தது. காலையில் வென்ற பெண்களுக்கு அப்போதுதான், வரிசையாக நிற்க வைத்து, ஒரே மூச்சில் பதக்கம் அணிவித்தார்கள்.

லிவர்பூல் செய்ததைச் செய்யப் பணம் வேண்டியதில்லை. சண்டை நிரலை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று மாற்றி எழுதினால் போதும். அதே ரிங், அதே நடுவர்கள், அதே மாலை. இதைத்தான் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, லிவர்பூல் இறுதி நாளின் நிரலையும் இணைத்து, போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த போட்டி தை மாதம் என்கிறார்கள். உங்கள் ஊரில் நடக்கும் போட்டியில் மகளிர் சண்டைகளுக்கு எத்தனை மணி குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவற்றையும் சேர்த்து இரண்டாவது கடிதம் அனுப்புகிறேன்.