நிறத்தை எண்ணினால் தீர்ப்பு வந்துவிடுமா?
அமெரிக்க நீதிமன்றங்களில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று பார்த்தாலே தீர்ப்பைச் சொல்லிவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. அப்படியானால் கறுப்பின இளைஞர் அகமது அர்பெரியை மூன்று வெள்ளையர்கள் துரத்திக் கொன்றதற்காக ஜார்ஜியா மாநிலத்தில் 2021-இல் நடந்த வழக்கை எதில் சேர்ப்பது? மக்களில் கால்வாசிப் பேர் கறுப்பினத்தவராக உள்ள கிளின் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி), அந்த வழக்கின் ஜூரியில் 11 பேர் வெள்ளையர், ஒரே ஒருவர் கறுப்பர். இந்த ஜூரியைத் தேர்ந்தெடுத்ததில் வேண்டுமென்றே பாகுபாடு நடந்ததாகத் தெரிகிறது என்று நீதிபதியே சொன்னார். ஆனாலும், கறுப்பர்களை விலக்கியதற்குக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் நிறம் சாராத காரணங்களைக் காட்டிவிட்டார்கள், சட்டத்துக்கு அது போதும் என்று விட்டுவிட்டார் (எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்). அப்புறம் அரசுத் தரப்பு தொடக்க உரையிலேயே கொலைக் காட்சி வீடியோவைப் போட்டுக் காட்டியது. அதை எடுத்ததே குற்றவாளிகளில் ஒருவர்தான்! அதே ஜூரிதான் மூவரையும் கொலைக் குற்றவாளிகள் என்றது. அந்தக் கட்டுரைக்கு வந்த பின்னூட்டத்தில், முன்னாள் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1995-இல் விடுதலையான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கை இழுத்திருக்கும் நண்பரே, அங்கே ஜூரியில் 9 பேர் கறுப்பினத்தவர் என்பது சரி. ஆனால் கொலையாளியுடையது என்று அரசுத் தரப்பு சொல்லி, நீதிமன்றத்தில் போட்டுப் பார்த்தபோது சிம்ப்சன் கையில் சரியாக நுழையாத அந்தக் கையுறையையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள்.