கைக்குப் பழகிய பகை

பார்க் சான்-வூக் இயக்கி 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா' என்ற தென்கொரியப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள், எல்லை கடந்த நட்பைப் போற்றும் படம் என்றே வழக்கமாக அதை அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லையின் இரு பக்கமும் காவல் நிற்கும் நான்கு வீரர்கள் ஒருவரையொருவர் மனதார நேசித்த பிறகும், ராணுவப் பயிற்சி அவர்களுடைய கைகளில் பதித்துவைத்த பகை அந்த நேசத்தை முந்திக்கொள்ளும் என்பதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. கதையின் முடிவைத் தொடாமல் இதை விளக்க முடியாது என்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

கதை நடக்கும் இடம், இரு கொரியாக்களின் எல்லையில் இருக்கும் பன்முன்ஜொம். 1953 ஜூலை 27 அன்று கொரியப் போர் நின்றது போர்நிறுத்த உடன்பாட்டால்தானே தவிர, சமாதான ஒப்பந்தத்தால் அல்ல. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. இரு தரப்புக் காவலர்களும் நேருக்கு நேர் நிற்கும் அந்தக் கூட்டுப் பாதுகாப்புப் பகுதிக்குள் தொடக்கத்தில் கோடு எதுவும் இல்லை; இரு நாட்டு வீரர்களும் அங்கே கலந்தே நடமாடினார்கள். 1976 ஆகஸ்டில், பார்வையை மறைத்த ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்டப் போன இடத்தில் மூண்ட கைகலப்பில் அமெரிக்க அதிகாரிகள் இருவர் வடகொரிய வீரர்களால் கொல்லப்பட்ட பிறகுதான், அங்குள்ள நீல நிறக் கூட்ட அறைகளுக்கு நடுவே அந்தத் தாழ்வான கான்கிரீட் கோடு வந்தது. படத்தில் காவலில் நிற்கும் வடகொரிய வீரன், உன் நிழல் கோட்டைத் தாண்டிவிட்டது என்று எதிரே நிற்கும் நண்பனை எச்சரிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது; ஆனால் அந்தக் கோட்டின் வரலாறே அந்த நகைச்சுவையைவிட அபத்தமானது.

தென்கொரிய சார்ஜெண்ட் சூ-ஹியோக் (லீ பியுங்-ஹன்) இரவு ரோந்தில் தவறிக் கண்ணிவெடியை மிதித்துவிட்டு அசையாமல் நிற்க, அவ்வழியே வரும் வடகொரிய சார்ஜெண்ட் கியுங்-பில்லும் (சாங் காங்-ஹோ) இளம் வீரன் வூ-ஜின்னும் அவனைக் காப்பாற்றுகிறார்கள். கல்லில் கட்டி எறிந்த கடிதங்களில் தொடங்கிய பழக்கம், அவன் பாலத்தைக் கடந்து அவர்களுடைய காவல் அறைக்கே போய்வரும் அளவுக்கு வளர்கிறது. பிறகு தன் தோழன் சுங்-சிக்கையும் அவன் அழைத்துச் செல்கிறான். தென்கொரியாவின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தப் பழக்கமே தண்டனைக்குரிய குற்றம்.

எல்லோரும் சிலாகிக்கும் சாக்கோ பை (சாக்லேட் பூசிய சிறு கேக்) காட்சி இங்கேதான் வருகிறது. தெற்கே வந்தால் இதை வேண்டிய மட்டும் தின்னலாமே என்று சூ-ஹியோக் கேட்டவுடன், கியுங்-பில் வாயிலிருந்ததைக் கையில் துப்பிவிட்டு, இந்தத் தீபகற்பத்திலேயே மிகச் சிறந்த தின்பண்டத்தைத் தன் நாடு தயாரிக்கும் நாளே தன் கனவு என்று முகம் இறுகச் சொல்கிறான். சொல்லி முடித்ததும் துப்பியதையே மறுபடியும் வாயில் போட்டுக்கொள்கிறான். நட்பின் எல்லையை அவன் வகுப்பது அந்த இடத்தில்தான். வறுமையை ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கும் அவன், அதற்காகத் தன் நாட்டைக் கைவிடத் தயாராக இல்லை. வடகொரியர் என்றாலே அரக்கர் அல்லது அடிமை என்று காட்டிப் பழகிய திரைமரபில், இத்தனை தன்மானத்துடன் ஒரு பாத்திரத்தை அமைக்கத் துணிச்சல் வேண்டும்.

எனினும், என் கருத்துக்கு ஆதாரம் அதைவிட எளிதாகக் கவனம் தப்பிவிடும் இன்னொரு காட்சி. சூ-ஹியோக் உறையிலிருந்து துப்பாக்கியை மின்னல் வேகத்தில் உருவிக் காட்டிப் பெருமையடிக்கும்போது, உண்மையான சண்டையில் வேகம் முக்கியமில்லை, பதறாமல் இருப்பதுதான் முக்கியம் என்ற பொருள்படக் கியுங்-பில் பேசுகிறான். கடைசிச் சந்திப்பில் வடகொரிய அதிகாரி ஒருவர் எதிர்பாராமல் உள்ளே நுழைந்துவிட, கியுங்-பில் மன்றாடி எல்லோரையும் ஏறத்தாழ இணங்கச் செய்துவிட்ட நொடியில் யாரோ பதற, துப்பாக்கிகள் வெடிக்கின்றன. வூ-ஜின்னை முதலில் சுட்டது சூ-ஹியோக்கின் கைதான் என்பது இறுதியில்தான் தெரியவருகிறது. அவன் வெறுப்பினால் சுடவில்லை. யோசித்துச் சுடவும் இல்லை. அவனை நல்ல வீரனாக ஆக்கிய அந்த வேகமே தம்பிபோல் பழகியவனைக் கொன்றுவிட்டது.

இதற்குப் பின் இரு அரசுகளும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்கின்றன. அந்த இரண்டு பொய்களும் சேர்ந்துதான் அமைதியைக் காக்கின்றன; உண்மை வெளிவந்தால் நால்வருமே துரோகிகளாவார்கள். ஆகவேதான், விசாரணையில் சூ-ஹியோக் உடைந்து உண்மையைச் சொல்லப்போகும் தருணத்தில், கியுங்-பில் மேசையைத் தாண்டி அவன்மேல் பாய்ந்து, தலைவரின் புகழை வெறிபிடித்தவன்போல முழங்கிப் பகைவனாக நடிக்கிறான். சாங் காங்-ஹோவின் நடிப்பு வாழ்க்கையில் இதற்கு இணையான காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படத்தில் எனக்குக் குறையாகப் படுவது, விசாரிக்க வரும் சுவிஸ் அதிகாரி சோஃபியின் (லீ யங்-ஏ) பகுதி. ஆங்கில உரையாடல்கள் ஒட்டவில்லை. முதல் அரைமணி நேரம் நகர மறுக்கிறது. அவருடைய தந்தையின் கதை தனிப் படமாகவே விரியக்கூடியது. போர்க்கைதிகளில் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று மறுத்த 76 கொரியர்களில் அவரும் ஒருவர் என்கிறது படம். அந்த 76 பேரும் கற்பனை அல்ல. இந்திய ஜெனரல் திம்மய்யா தலைமையில் கைதிகள் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் ஆணையம் பணி முடித்தபோது, அவர்களும் 12 சீனர்களும் இந்தியப் படையினருடன் கப்பலேறி 1954 பிப்ரவரியில் நம் மெட்ராஸ் துறைமுகத்தில்தான் வந்திறங்கினார்கள். தந்தை அப்படிப்பட்டவர் என்று தெரிந்ததும் மகளிடமிருந்து வழக்கு பறிக்கப்படுகிறது. இத்தனை கனமான செய்தியைச் சில நிமிடங்களில் கடந்துபோவது இயக்குநரின் பிழை என்றே நினைக்கிறேன்.

இரு கொரியத் தலைவர்களும் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்ட மூன்றே மாதங்களில் வெளியானதால், படத்தை நல்லிணக்கத்தின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். 2007-இல் தென்கொரிய அதிபர் ரோ மூ-ஹியுன் இதன் டிவிடியை வடகொரியத் தலைவர் கிம் ஜோங்-இல்லுக்குப் பரிசளிக்கவும் செய்தார். அந்தப் பரிசை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. படத்தில் வடகொரிய அதிகாரியும் தென்கொரிய ஜெனரலும் ஒரே மொழியில்தான் சிந்திக்கிறார்கள், நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை என்கிறார்கள். அதைப் பார்த்து மகிழ இரு தலைவர்களுக்கும் அதில் எதுவும் இல்லை. இரு கொரியாக்களும் செய்துகொண்ட ராணுவ உடன்பாட்டின்படி 2018 அக்டோபரில் பன்முன்ஜொம் காவலர்களிடமிருந்து துப்பாக்கிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. 2023 நவம்பரில் அந்த உடன்பாட்டை வடகொரியா கைவிட்ட பிறகு, அதன் காவலர்கள் மீண்டும் இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் அங்கே நிற்கத் தொடங்கினார்கள்.